மொட்டைக்கரட்டு வெளிச்சம்

தம்பி, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் அந்தப் பக்கமாத் திருப்பி வைங்க. வெயில் பட்டுக் கண்ணுல அடிக்குது. கோவிச்சுக்காதீங்க. வேற ஆளா இருந்தா எந்திரிச்சு அந்த வேப்பமரத்துப் பக்கம் போயிருப்பான். எனக்கு அப்படி இல்ல. கண்ணுல வெளிச்சம் அடிச்சா யாரோ கூப்பிடுறாங்கன்னு கை பரபரங்கும். கிழவனாகியும் அந்த நோவு விடல.

யாவாரத்துக்கா? சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்கா? நல்லா விக்கும். கண்ணாடியும் சீப்பும் விக்காத திருவிழா ஏது. உங்க ரயில் வண்டி தெக்க போகணும், எனக்கு வடக்க போகணும், ரெண்டும் வந்த பாடில்ல. காலையில எனக்கு ஒரு வண்டி வந்துச்சு. அதுல நான் ஏறல. ஏன்னு கேக்கப் போறீங்க, தெரியும். சொல்றேன், உக்காருங்க. வெத்தலை இருந்தா ஒண்ணு குடுங்க.

என் பேரு வீரணன். நானும் ஒரு காலத்துல கண்ணாடிக்காரன்தான். விக்கிற கண்ணாடிக்காரன் இல்ல, சர்வே துரைகிட்டக் கண்ணாடி பிடிச்சவன். இந்த மூட்டைக்குள்ள ஒரு பெட்டி இருக்கே, அதுலதான் அது இருக்கு. பெறகு காட்டுறேன். அங்க பாருங்க, கிழக்க, புளியமரத்துக்கு மேல, உச்சியில ஒரு செடிகூட இல்லாம ஒரு கரடு நிக்குதா? அதான் மொட்டைக்கரடு. ஒரு ஐப்பசி மழை விட்டதும் அது மேல ஏறுனேன். இறங்கும்போது பங்குனி வெயில். நடுவுல இருந்த அந்தக் கொஞ்ச மாசத்துலதான் தம்பி என் பொழப்பு போச்சு.

அப்ப இந்த ரயிலெல்லாம் கிடையாது. பென்ரோசு துரைன்னு ஒருத்தரு. மலையையும் காட்டையும் அளக்குறதுக்குன்னு சீமையிலயிருந்து மீசை முளைக்கிற வயசுல வந்த மனுசன். வந்த நாள்லயிருந்து குடித்தனமே கூடாரத்துலதான். ஆள் ஒல்லி. தலையில ஒரு கம்பளிக் குல்லா, அக்கினி வெயிலானாலும் கழட்டமாட்டாரு. மனுசன் கால் வைக்காத காட்டுக்குள்ளயெல்லாம் முதல்ல அவரு போவாரு, பின்னால நாங்க போவோம். வருசா வருசம் காட்டுக்காய்ச்சல் வந்து ஆளைப் புரட்டிப் போடும். எந்திரிச்சதும் மிளகுக் கஞ்சியைக் குடிச்சுட்டு மறுபடி மலை ஏறிடுவாரு. இந்த மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு அங்க மாடு மேய்க்கிறவனுக்குத் தெரியும் துரை, இதுக்குப் போயி ஏன் சாகுறீங்கன்னு ஒரு தடவை கேட்டேன். அவனுக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியாதேன்னு சொன்னாரு. நல்லாத் தமிழ் பேசுவாரு.

சீமையில அவருக்கு ஒரு பொண்ணு காத்துக்கிட்டு இருந்துச்சாம். இந்த மலை முடியட்டும் வர்றேன், அந்த மலை முடியட்டும் வர்றேன்னு இவரும் எழுதிக்கிட்டே இருந்திருக்காரு. கடைசியில அந்தப் பக்கமிருந்து பதில் வர்றது நின்னுபோச்சு. இதைச் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அம்புட்டுப் படிச்சவருக்கு இதுல இம்புட்டுத்தான் விவரமான்னு நான் மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டேன்.

வேலை எப்படின்னா, துரை ஒரு மலையில உக்காந்துக்குவாரு. அவருகிட்டப் பித்தளையில ஒரு கருவி இருக்கும், கீழ சக்கரம், மேல குழல். அதைத் தோள் மாத்தித் தோள் மாத்தித் தூக்கிட்டுப் போகும்போது சாமி புறப்பாடு மாதிரியே இருக்கும். சுத்தி இருக்கிற மலை உச்சியிலெல்லாம் என்னைய மாதிரி ஆளுக. எங்க வேலை, சூரியனைக் கண்ணாடியில பிடிச்சுத் துரை இருக்கிற மலைக்கு அடிக்கிறது. அம்புட்டுத் தூரத்துல உச்சி எது, பாறை எதுன்னு குழல்ல தெரியாது. வெளிச்சம் அடிச்சா வெள்ளைப் புள்ளியாத் தெரியும். இந்தப் புள்ளிக்கும் அடுத்த மலைப் புள்ளிக்கும் நடுவுல கோணம் பாத்து எழுதிக்குவாரு.

சும்மா கண்ணாடியை வச்சுட்டுப் படுத்துக்கிடலாம்னு நினைச்சுடாதீங்க. சூரியன் ஒரு இடத்துல நிக்காது. அது நகர நகரக் கண்ணாடியையும் துளித்துளியாத் திருப்பிக்கிட்டே இருக்கணும். ஒரு பேச்சுக்கு நிமிர்ந்தாப் போச்சு, வெளிச்சம் வேற எங்கயோ காட்டுல போய் விழும். அதுலதான் துரைக்கு என் மேல பிரியம். எல்லாரையும் வச்சுக்கிட்டு ஒரு நாள் சொன்னாரு, மத்தவன் வெளிச்சமெல்லாம் ஆடுது, வீரணன் வெளிச்சம் ஆடாது. ஆடாதுன்னு சொன்னாரு தம்பி. என்னையப் பெத்தவன்கூட அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல.

துரை இருக்கிற மலையிலயும் ஒரு கண்ணாடிக்காரன் இருப்பான். அங்கயிருந்து வெளிச்சம் வந்தா, உன்னையப் பாத்துக்கிட்டு இருக்கேன், நில்லுன்னு அர்த்தம். அந்த வெளிச்சத்தை மூணு தடவை மூடித் திறந்தா, வேலை முடிஞ்சது, இறங்குன்னு அர்த்தம். மூணு தடவை. ஒரு தடவை ரெண்டு தடவை மேகமே மறைக்கும், மூணு தடவை மனுசன் கைதான் மூடமுடியும், அதனால மூணைப் பாக்காம எவனும் இறங்கக்கூடாதுன்னு துரையோட கண்டிசன். எங்க ஆளுகள்ல அதை மீறினவன் கிடையாது.

அந்த வருசம் துரை கழுகுப்பாறைக்குப் போனாரு. இங்கயிருந்து தெரியாது, இந்த மலைக்கெல்லாம் அந்தப் பக்கம், மேக்க. என்னைய மொட்டைக்கரட்டுக்கு ஏத்திவிட்டாரு. ஏறுறதுக்கு முன்னால நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். துரை, தை மாசம் எனக்குக் கலியாணம், என் தாய்மாமன் மகளைப் பேசி முடிச்சிருக்கு, அதுக்குள்ள இறங்கிடலாமான்னு. மார்கழிக்கு முன்னாலயே உன்னைய இறக்கிவிடுறேன்டா, போன்னாரு. அந்த வார்த்தையை நம்பித்தான் ஏறுனேன்.

பொண்ணு பேரு சிலம்பாயி. ஆளு எப்படின்னு கேட்டா என்ன சொல்றது. பேச்சு வெடுக்குன்னு இருக்கும். கோவம் வந்தா மூக்குத்தான் முதல்ல சிவக்கும். சின்னதுலயிருந்தே எனக்குன்னு பேசி வச்ச பொண்ணு.

மேல ஒரு குடிசை போட்டுக்கிட்டேன். அடிவாரத்து ஊர் மணியக்காரர்கிட்டச் சர்க்கார் காரியம், ஆளுக்கு அரிசி பருப்பு அனுப்பணும்னு துரை சொல்லி வச்சிருந்தாரு. கொண்டன்னு ஒரு ஆட்டுக்காரன், அவன்தான் சந்தைக்குச் சந்தை சுமந்துட்டு வருவான். மத்தபடி மேல நானும் காத்தும்தான். காலையில வெயில் ஏறுனதும் கண்ணாடியைத் திருப்புவேன். கழுகுப்பாறையிலயிருந்து பதில் வெளிச்சம் வரும். சாயங்காலம் வெயில் சாயிற வரைக்கும் இப்படியே.

கார்த்திகையில ஒரு நா கொண்டன் மூட்டையை இறக்கிவச்சுட்டு, துரைக்குச் சொகமில்லையாம், டோலியில தூக்கிட்டுப் போனதாச் சந்தையில பேச்சுன்னான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவன் தலையைப் பிடிச்சுத் திருப்பி அங்க பாருடான்னேன். கழுகுப்பாறையில வெளிச்சம் கும்முன்னு நிக்குது. டோலியில போனவரு எப்படிடா கண்ணாடி காட்டுவாருன்னு கேட்டேன். அவனும் ஆமா, இருக்குதேன்னுட்டு ஆட்டைப் பத்திக்கிட்டு இறங்கிட்டான்.

சந்தையில ஆயிரம் பேசுவாங்க தம்பி. நான் கண்ணால பாத்துக்கிட்டு இருக்கேன். அதுலயும் அந்தக் கார்த்திகைக்கு மேல வெளிச்சம் முன்னைவிட நல்லா வந்துச்சு. முன்னாலயெல்லாம் துரை நடு நடுவுல வேற மலையைப் பாக்கப் போயிடுவாரு, என் பக்கம் இருட்டாக் கிடக்கும். இப்ப அப்படி இல்ல, நாள் முழுக்க என்னையவே பாக்குறாரு. காலையில நான் கண்ணாடியைத் துடைச்சுத் திருப்புறதுக்குள்ள அங்க வெளிச்சம் வந்துரும். என் வெளிச்சத்தைப் பாக்காமத் துரைக்குக் கஞ்சி இறங்கலடான்னு கொண்டன்கிட்டச் சொல்லுவேன். ஏதோ பெரிய கணக்கு ஓடுது, ஆடாத வெளிச்சம் வேணும், அதான் நம்மளை விடமாட்டேங்குறாருன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உள்ளதைச் சொன்னா ஒரு மிதப்பாவும் இருந்துச்சு.

மார்கழி பிறந்துச்சு. துரை மூடல. சரி, துரை வாக்கு கொஞ்சம் முன்னப் பின்ன ஆகும்னு இருந்தேன். மாமன்கிட்டயிருந்து கொண்டன் மூலமாச் சேதி வந்துச்சு, மாப்பிள்ளை எப்ப இறங்குறாருன்னு. துரை உத்தரவு வந்ததும் இறங்குறேன்னு சொல்லியனுப்புனேன். மாமனுக்குக் கோவம். வடமதுரைப் பக்கம் ரெண்டு சோடி மாடு வச்சிருக்கிற ஒருத்தன் பொண்ணு கேட்டு வந்திருக்கான். தை பிறக்கும்போது உன் மச்சான் இங்க இல்லைன்னா உன்னைய அவனுக்குத்தான் குடுப்பேன்னு மகள்கிட்டச் சொல்லியிருக்காரு. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அவளே வந்து சொன்னா.

ஆமா, மேல ஏறி வந்தா. மார்கழிக் கடைசி. கொண்டன் முன்னால ஆட்டுக்கு வழி விட்டுட்டு வர்றான், பின்னால இவ. காலெல்லாம் முள்ளு கிழிச்சிருக்கு. நடு மத்தியானம் தாண்டி, துரை கோணம் பாக்குற நேரம். நான் கண்ணாடி முன்னால உக்காந்திருக்கேன். வா புள்ளன்னேன். உக்காருன்னேன். பானையில தண்ணி இருக்கு குடின்னேன். இதுக்கு மேல ஒரு வேலை செய்யிற மனுசன் என்ன சொல்லணும்கிறீங்க?

மாமன் சொன்னதையெல்லாம் அவ சொன்னா. வடமதுரைக்காரன் வெத்தலை பாக்கு மாத்த வரப்போறான்னு சொன்னா. இப்பவே எங்கூட இறங்குங்கன்னா. நான் சொன்னேன், அங்க பாரு, கழுகுப்பாறையில வெளிச்சம் தெரியுதுல்ல, அது துரை, அவரு என்னையப் பாத்துக்கிட்டு இருக்காரு, நான் இப்ப எந்திரிச்சா அவருக்குக் கணக்குத் தப்பிப்போகும்னு. அந்த நேரம் பாத்துச் சூரியன் வேற இறங்குது, நான் கண்ணாடியைத் திருப்பிக்கிட்டே இருக்கேன்.

அப்ப ஒண்ணு கேட்டா. "முள்ளுல ஏறி வந்து இம்புட்டு நேரமாச்சு மச்சான். என்னைய ஒரு தடவை நிமிந்து பாத்தீகளா?"

நான் பாக்கலதான். எப்படிப் பாக்கிறது? வெளிச்சம் ஆடிருமே.

சட்டுன்னு முந்தானையை எடுத்துக் கண்ணாடி மேல போட்டா. ஒரு நிமிசம் வெளிச்சம் போச்சு. எடுத்தா. மறுபடி போட்டா, மறுபடி எடுத்தா. அங்க கழுகுப்பாறையில வெளிச்சம் தடுமாறுச்சு பாருங்க, அதுவரைக்கும் அது அப்படித் தடுமாறி நான் கண்டதில்ல. பாத்தியா, துரை பதறிட்டாரு பாத்தியான்னு கத்திக்கிட்டு அவ கையைத் தட்டிவிட்டேன். மூணாவது தடவை போடுறதுக்குக் கையைத் தூக்குனவ அப்படியே நின்னுட்டா. பெறகு முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு இறங்கிப் போயிட்டா. கொண்டன் பின்னாலயே ஓடுனான். நான் முதல்ல வெளிச்சத்தைச் சரி பண்ணுனேன். சரி பண்ணிட்டுத் திரும்பிப் பாக்கும்போது பாறை மறைச்சிருச்சு.

பொறுமை இல்லாத பொண்ணு தம்பி. இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தா வெயில் சாஞ்சிருக்கும், நான் எந்திரிச்சிருப்பேன், உக்காந்து பேசியிருப்போம்.

தையில வடமதுரைக்காரனுக்குக் கட்டிக்குடுத்துட்டாங்கன்னு கொண்டன்தான் வந்து சொன்னான். அன்னைக்கும் வெளிச்சம் காட்டுனேன். அன்னைக்கும் அங்கயிருந்து வெளிச்சம் வந்துச்சு. துரைக்குத் தெரியுமா, தெரியாதான்னு நினைச்சுக்கிட்டேன். எனக்கு இம்புட்டு ஆனதுக்கு அப்புறம் இந்த மனுசன் என்னைய இறங்கச் சொல்லி என்ன, சொல்லாட்டி என்னன்னு ஆகிப்போச்சு. இருந்தாலும் கை தானாத் திருப்பும். அழுதுக்கிட்டே திருப்புவேன். கண்ணுல தண்ணி நின்னா அந்தப் பக்கத்து வெளிச்சம் ஒண்ணு ரெண்டாத் தெரியும், துடைச்சுட்டுத் திருப்புவேன்.

மாசி கழிஞ்சுச்சு. பங்குனியில காட்டுக்குத் தீ வச்சு எங்க பாத்தாலும் புகை. கழுகுப்பாறையே தெரியல. கொண்டன் வர்றதும் நின்னுபோச்சு, மணியக்காரர் வீட்டுல என்ன நினைச்சாங்களோ. கிழங்கைத் தோண்டித் தின்னு பாத்தேன். முடியல. உத்தரவு இல்லாம வீட்டுக்குப் போகக்கூடாது, ஆனா துரைகிட்டயே நேராப் போயி உத்தரவு கேக்கலாம்ல? அதுல தப்பில்லையேன்னு தோணுச்சு. கண்ணாடிப் பெட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு இறங்கி, கழுகுப்பாறையைப் பாத்து நடந்தேன்.

நடுவழியில ஒரு விலக்கு. ஒரு பாதை கழுகுப்பாறைக்கு, ஒண்ணு மொட்டைக்கரட்டுக்கு, ஒண்ணு மதுரைக்கு. அங்க ஒரு அம்மா கஞ்சி விக்கும். கஞ்சிக்கு உக்காந்தேன். எதுக்க ஒருத்தன் வந்து உக்காந்தான். தாடி நெஞ்சு வரைக்கும் தொங்குது, கண்ணு உள்ள போயிருக்கு, தோள்ல பெட்டி. என் பெட்டி மாதிரியே ஒரு பெட்டி. கிட்டப் போயிப் பாத்தா நம்ம சவரிமுத்து. துரை கூடவே இருக்கிற கண்ணாடிக்காரன்னு சொன்னேன்ல, அவன்தான்.

எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. துரை எப்படி இருக்காரு, நான் அவரைத்தான் பாக்கப் போறேன்னேன். அவன் என்னைய ஒரு மாதிரியாப் பாத்தான்.

"நான் அவரைப் பாக்கத்தான்டா உன் மலைக்குப் போய்க்கிட்டு இருக்கேன்."

ரெண்டு பேருக்கும் ஒண்ணும் புரியல. துரை கழுகுப்பாறையில இல்லையாடான்னு நான் கேக்குறேன். அவரு கார்த்திகையிலயே இறங்கிட்டாரே, அடுத்து மொட்டைக்கரட்டுக்குத்தான் போறேன், அங்கயிருந்து உன் வெளிச்சத்தைப் பாப்பேன், மூணு தடவை மூடுற வரைக்கும் நீ இறங்காதன்னு சொல்லிட்டுக் காய்ச்சலோட டோலியில ஏறுனாரேன்னு அவன் சொல்றான். அடுத்து எந்த மலைன்னு துரை எப்பவும் எங்ககிட்ட முன்கூட்டியே சொல்றதில்ல, அதனால எனக்கு அது தெரியாது. இம்புட்டு நாளும் என் மலையில வெளிச்சம் காட்டுனது துரைன்னு அவன் நினைச்சிருக்கான். அவன் மலையில காட்டுனது துரைன்னு நான் நினைச்சிருக்கேன்.

கஞ்சிக்கார அம்மாதான் சட்டியைக் கழுவிக்கிட்டே சொல்லுச்சு. "குல்லாத் துரைதானே? இந்த விலக்குல வந்ததும் நெனவு தப்பிப்போச்சு. டோலிக்காரனுக எடது கைப் பாதையில போக வேண்டியவனுக, மதுரைக்குன்னு சோத்தாங்கைப் பாதையில திருப்பிட்டானுக. வைத்தியம் பாக்குறதுக்குள்ள உசிரு போயிருச்சாம். தீபத்துக்கு முந்தியே."

துரை செத்துட்டாரு. கூடாரம், கருவி எல்லாத்தையும் சுருட்டிட்டுப் போயிட்டாங்க. மலை மேல ரெண்டு மனுசன் உக்காந்திருக்கான்னு ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்ல. நினைச்சுப் பாருங்க, கார்த்திகையிலயிருந்து பங்குனி வரைக்கும் அவன் என்னைய நில்லுன்னான், நான் அவனை நில்லுன்னேன்.

இல்ல இல்ல, நீங்க சிரிக்கலாம். கேக்குறவங்க எல்லாரும் இந்த எடத்துல சிரிப்பாங்க.

எனக்கு அன்னைக்கு வந்த கோவம் இன்னும் அடங்கல. அந்தச் சவரிமுத்து ஒரே ஒரு நா சோம்பிப் படுத்திருந்தான்னு வைங்க, வெளிச்சம் வரலையேன்னு நான் துரையைத் தேடி இறங்கியிருப்பேன். ஒரு நா. அவன் ஒரு நா கூடப் படுக்கல. அதை அவன்கிட்டயே சொன்னேன், உன்னாலதான்டா என் கலியாணம் போச்சுன்னு. அவன் பதிலுக்குச் சண்டை போடல. அவன் மலை ஏறும்போது அவன் பொண்டாட்டிக்கு நிறை மாசம். பிள்ளை பொறந்து, காய்ச்சல்ல செத்தும் போச்சு. மூஞ்சியைக்கூட அவன் பாக்கலையாம். அதைச் சொல்லிட்டுக் கஞ்சியைக் கையில வச்சுக்கிட்டே இருந்தான். பாவம்தான். ஆனா அவனுக்கு என்ன, பின்னால ரெண்டு பிள்ளை பொறந்துச்சு. எனக்கு யாரு இருக்கா?

எந்திரிக்கும்போது அவன் ஒண்ணு கேட்டான். அது எனக்கு இன்னும் நெஞ்சுல நிக்குது.

"மார்கழிக் கடைசியில ஒரு நா உன் வெளிச்சம் ரெண்டு தடவை மறைஞ்சுச்சேடா. நான் பெட்டியை மூடிக் கட்டுறதுக்குக் கயித்தையே எடுத்துட்டேன். மூணாவதுக்காக அப்படியே உக்காந்திருந்தேன். அது என்ன?"

மேகம்னு சொன்னேன்.

வேற என்ன சொல்றது? இன்னொரு தடவை மறைஞ்சிருந்தா அவன் அன்னைக்கே இறங்கியிருப்பான். அவன் இறங்கியிருந்தா அந்தப் பக்கம் வெளிச்சம் நின்னிருக்கும். நின்னிருந்தா மறுநாளே நானும் இறங்கி, தைக்கு ஊர்ல நின்னிருப்பேன். அவளுக்குத்தான் தம்பி பொறுமையில்ல. ஒரு தடவை தட்டிவிட்டா மறுதடவை போட்டிருக்கக் கூடாதா?

வெத்தலையில சுண்ணாம்பு கூடிப்போச்சு போல, நாக்கு எரியுது. இருங்க.

பெறகு கண்ணாடியைத் திருப்பிக் குடுக்கப் போனேன். சர்க்கார் சாமானை வீட்டுல வச்சிருக்கக் கூடாதே. சர்வே ஆபீசுக் கச்சேரியில கணக்குப் பிள்ளை ஒருத்தர், அந்தத் துரை கணக்கெல்லாம் முடிஞ்சுபோச்சு, இப்படி ஒரு கண்ணாடி எங்க சாமான்ல இல்ல, எடுத்துட்டுப் போன்னுட்டாரு. மொட்டைக்கரட்டுக் கோணம் என்னாச்சுன்னு கேட்டேன். அதைத் துரை ஐப்பசியிலயே அளந்து முடிச்சுட்டாருன்னாரு. ஐப்பசியிலயே. வெளிய வந்து படியில உக்காந்துட்டேன். அதுலயிருந்து இந்தக் கண்ணாடி என்கூடவேதான் இருக்கு. யாராவது கேட்டு வந்தா அழுக்காக் குடுக்கக் கூடாதுன்னு துடைச்சு வச்சுக்கிட்டே இருக்கேன். ஒரு தோப்புல காவலுக்கு இருந்தேன். கலியாணம் பண்ணிக்கல. கேக்க ஆள் இல்ல, நானும் கேக்கல.

இன்னைக்கு எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்னு சொல்லாம விட்டுட்டேனே. நேத்து வடமதுரையிலயிருந்து ஒரு ஆள் வந்துச்சு. சிலம்பாயி மக வயித்துப் பேத்தி, கையில பிள்ளையோட. அம்மாச்சி காலத்து ஆளுக சொல்லி இடம் கண்டுபிடிச்சு வந்திருக்கு. அம்மாச்சி படுத்த படுக்கையாக் கிடக்கு, தண்ணிதான் இறங்குது, உங்களை ஒரு தடவை பாக்கணும்குதுன்னு சொல்லுச்சு. வேற என்னம்மா சொன்னான்னு கேட்டேன். வேலை இருக்குன்னு சொல்லுவாரு, கண்ணாடியைக் கீழ வச்சுட்டு வரச் சொல்லுன்னுச்சாம். அந்தப் பேத்திக்கு அர்த்தம் தெரியல. என்ன தாத்தா கண்ணாடின்னு கேக்குது.

அதான் விடியக் கிளம்பி வந்தேன். சீட்டும் வாங்கிட்டேன். காலை வண்டி வந்து நின்னுச்சு. ஏறப் போனேன். அப்ப ஒரு யோசனை. அவ புருசன் போயிட்டான் சரி, மூத்த மகன் இருக்கான்ல? வீட்டுக்குப் பெரியவன் அவன்தானே? அவன் கூப்பிடாம நான் எந்த முறையில போயி அவ தலைமாட்டுல நிக்கிறது? பேத்தி சொன்னா அது அழைப்பாகுமா? இப்படி நின்னு யோசிக்கிறதுக்குள்ள வண்டி போயிருச்சு. டேசன் மாஸ்டர்கிட்டப் போயி, ஐயா நான் போகலாமான்னு கேட்டேன். சீட்டு இருக்குல்ல, போய்யான்னு விரட்டிவிட்டாரு. அவரு சொல்றது வண்டிக்கு. நான் கேட்டது அது இல்ல.

என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க? போகணும்னுதான் நானும் சொல்றேன். கால் வரமாட்டேங்குது. எப்பவும் இப்படித்தான் எனக்கு. யாராவது போன்னு சொல்லாம ஒரு எடத்தை விட்டு எந்திரிச்சே பழக்கமில்ல.

அந்தா கைகாட்டி இறங்கிருச்சு. வடக்க போற வண்டிதான். இதை விட்டா நாளைக்குத்தான். நாளைக்கு அவ இருப்பாளான்னு அந்தப் பேத்தியே சந்தேகமாத்தான் சொல்லுச்சு.

தம்பி, ஒரு காரியம் பண்ணுங்க. இருங்க, மூட்டையை அவுக்கிறேன். இதான் அந்தப் பெட்டி. இதான் கண்ணாடி. பாத்தீங்களா, ஒரு கீறல் கிடையாது. இதை இந்தக் கல்லுமேல இப்படி வைக்கிறேன். வெயில் மேக்க இருக்கு, கண்ணாடியை மல்லாத்திச் சாச்சு வச்சா மொட்டைக்கரட்டுக்கு அடிக்கும். அங்க பாருங்க, ஆடாம நிக்குது. அங்க ஒருத்தனும் இல்லைன்னு எனக்கும் தெரியும். உங்க தோள்ல கிடக்குற துண்டை எடுத்து இது மேல மூணு தடவை போட்டு எடுங்க. நானே மூடிக்கிட்டா அது செல்லாது. வேற ஆள் கைதான் மூடணும். கிறுக்குக் கிழவன்னு நினைச்சுக்கிட்டாவது செய்ங்க.

கண்ணாடி இங்கயே இருக்கட்டும். உங்க கண்ணாடியோட சேத்து வச்சுக்குங்க. யாரும் கேட்டு வரமாட்டாங்க.

போடுங்க. ம், ஒண்ணு.

ரெண்டு.

வண்டி வந்துருச்சு. கையைத் தூக்கிட்டு ஏன் நிக்கிறீங்க? போடுங்க தம்பி. இந்தத் தடவை தட்டிவிட மாட்டேன்.